மூளைக்கு முந்திய நரம்பு

ஸூரத்துர் ரஹ்மானின் 22ஆம் வசனம், கடல் தரும் செல்வங்களாக முத்தையும் மர்ஜானையும் இணைத்துக் கூறுகிறது. மர்ஜான் என்பது யாது என்பதில் முஃபஸ்ஸிர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. சிறு முத்துக்களே மர்ஜான் என்றனர் சிலர்; செந்நிறப் பவளமே அது என்றனர் வேறு சிலர். தமிழில் பவளம் என்னும் பொருளே நிலைபெற்று விட்டது. சொல்லைப் பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பவளம் என்னும் பொருளே ஒரு புதிராக அன்றோ நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது! கடலடியில் அது மரம்போற் கிளைத்து நிற்கிறது. கையில் எடுத்தால் கல்லாக இருக்கிறது. மரமா, கல்லா என்று மயங்கிய மாந்தருள், அது ஒரு பிராணியாகவும் இருக்கக்கூடும் என்று ஐயுற்றவர் மிகச் சிலரே.

இப்புதிருக்குப் பின்னால் இதனினும் பெரிய வினா ஒன்று நிற்கிறது. தாவரத்தையும் பிராணியையும் பிரிக்கும் கோடு எது? முற்காலத்து அறிஞர் பெருமக்கள் பெரும்பாலோர் தந்த விடை, உணர்வு என்பதாம். உணர்வது பிராணி, உணராதது தாவரம். ஆயின், கண்ணும் காதும் தலையும் மூளையும் இல்லாத நீர்வாழ் உயிர்களிடம் உணர்வு உண்டென்பதை எங்ஙனம் அறிவது? உண்டெனில், அதைச் சுமந்து செல்லும் கருவி யாது? ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதனைத் தொடர்ந்து வரும் இவ்வினாவின் வரலாற்றையே ஈண்டு நாம் காணப் புகுகிறோம்.

அரபிகள் அரஸ்தூ என்றழைத்த கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் லெஸ்போஸ் தீவின் கரையோரங்களில் கடலுயிர்களை நேரிற் கண்டு எழுதியவர். கடற்பஞ்சையும் கடற்சாமந்தியையும் தாவரத்திற்கும் பிராணிக்கும் இடைப்பட்டனவாக அவர் மதித்தார். கடற்பஞ்சுக்கு உணர்வு உண்டு என்போர் காட்டும் சான்றையும் அவர் குறித்து வைத்தார். பாறையிலிருந்து தன்னைப் பறிக்க வருவதை உணர்ந்தால் பஞ்சு சுருங்கிக் கொள்கிறதாம். பறிப்பது கடினமாகி விடுகிறதாம். ஆனால் டோரோனி என்னும் ஊரார் இதனை நம்புவதில்லை என்றும் அவர் சேர்த்து எழுதினார். டோரோனி ஊராரின் ஐயத்தை வாசக அன்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். அதற்கு விடை வர 2300 ஆண்டுகள் ஆயின.

அரிஸ்டாட்டிலின் பிராணி நூல்கள் அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில், 19 பகுதிகளாக அரபு மொழிக்கு வந்தன. அந்த அரபு நூலிலிருந்தே மைக்கேல் ஸ்காட் என்பவர் டோலிடோ நகரில் லத்தீனுக்குப் பெயர்த்தார் என்பதும், இடைக்கால ஐரோப்பா அரஸ்தூவின் பிராணி நூலைப் படித்தது அவ்வழியாகத்தான் என்பதும் குறிப்பிடத்தக்கன. இப்னு ஸீனா தம் ‘ஷிஃபா’ பெருநூலில் பிராணிகளுக்கென ஒரு பகுதியும் ஆன்மாவுக்கென ஒரு பகுதியும் வகுத்தார். ஓருயிரைப் பிராணி என்னும் நிலைக்கு உயர்த்தும் முதற்புலன் தொடுபுலனே என்பது அவர் முடிபு. பார்வையின்றிப் பிராணி இருக்கலாம், செவியின்றி இருக்கலாம், தொடுவுணர்வின்றி இருத்தல் இயலாது.

எனினும் நம் உள்ளத்தை மிகுதியும் கவர்வது இஹ்வானுஸ் ஸஃபா குழுவினர் தீட்டிய ஒரு சிறு சித்திரமே. 10ஆம் நூற்றாண்டில் பஸராவில் மறைந்திருந்து எழுதிய இக்குழுவினரின் சமயக் கொள்கைகளை நம் உலமாக்கள் ஏற்பதில்லை. அது வேறு பொருள். தம் நிருபங்களுள் ஒன்றில், பிராணிகளுள் ஆகக் கீழ்ப்படியில் உள்ளதென ஒரு புழுவை அவர்கள் காட்டுகின்றனர். கடற்கரைப் பாறைகளிலும் ஆற்றோரங்களிலும் கல்போன்ற குழலுக்குள் அது வாழ்கிறது. உடலிற் பாதியை வெளியே நீட்டி வலமும் இடமும் துழாவி இரை தேடுகிறது. ஈரமும் மென்மையும் பட்டால் விரிகிறது. கரடும் கடினமும் பட்டால் சுருங்கிக் குழலுக்குள் ஒடுங்குகிறது. அதற்குப் பார்வை இல்லை, செவி இல்லை, மணமும் சுவையும் இல்லை; தொடுவுணர்வு ஒன்றே உண்டு. ஏனெனில், எந்தப் பிராணிக்கும் அதற்குத் தேவையில்லாத உறுப்பைக் கொடுப்பது இறை ஞானத்தின் வழியன்று என்று அவர்கள் காரணமும் கூறினர். கரையோரத்தில் குனிந்து நின்று நெடுநேரம் பார்த்த ஒருவர் சொல்லித்தான் இது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்த செய்தியில் இந்த ஈரம் இருக்காது.

பின்வந்த இப்னு கல்தூன், கி.பி. 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில் இதே படிவரிசையைச் சுருக்கி உரைத்தார். தாவரங்களின் மேல்நிலையில் பேரீச்சையும் திராட்சையும். அவற்றை அடுத்துப் பிராணிகளின் தொடக்க நிலையில் தொடுவுணர்வு மட்டுமே கொண்ட நத்தையும் சிப்பியும். ஒவ்வொரு படியின் கடைசியும் அடுத்த படியின் முதலாக மாறும் ஆயத்தத்தோடு இருக்கிறது என்றார் அவர். தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்தில் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வராமற் போகாது. அங்கே புல்லும் மரமும் தொடுவுணர்வுடைய ஓரறிவுயிர்கள். நந்தும் முரளும், அதாவது நத்தையும் சிப்பியும், சுவையுணர்வும் சேர்ந்த ஈரறிவுயிர்கள். அரபு ஞானிகள் தொடுவுணர்வைப் பிராணியின் வாயிலாக வைத்தனர். தமிழாசிரியர் அதனைப் புல்லுக்கே கொடுத்து விட்டார். தொட்டாற் சுருங்கியைக் கண்டவர்கள் அப்படித்தானே சொல்வார்கள்!

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிச் செல்வது நம் கடமை. நம்மவர் ஏடுகளில், மேலை நாட்டார் கண்டவை யாவும் நம் முன்னோர் நூல்களில் முன்னரே உள்ளன என்று எழுதும் பழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. இப்னு கல்தூனின் படிவரிசையைக் காட்டி, டார்வினுக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே பரிணாமம் கூறப்பட்டு விட்டது என்று மார்தட்டியோரை நாம் படித்திருக்கிறோம். நமக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கூறியது படைப்பின் படிவரிசை. பரம்பரையின் வரலாறு அன்று. மேலும், அவர் கீழ்ப்படியில் வைத்த நத்தைக்கும் சிப்பிக்கும் நரம்பு முடிச்சுகள் செவ்வனே உண்டு என்பதை இன்று அறிவோம். உண்மையில் அவை அப்படியில் இருக்கத் தக்கவையே அல்ல. முன்னோர் விட்டுச் சென்ற செல்வம் வினாதான். கண் இல்லாத உயிர் எதனால் வாழ்கிறது, அதற்கு என்ன தேவை என்று அவர்கள் கேட்டனர். அதுவே போதுமான பெருமை. விடை தேடியவர்களின் உழைப்பை நம் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

முன்னோரின் வினாவில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. நரம்புகள் மூளையிலிருந்தோ முதுகுத் தண்டிலிருந்தோ புறப்படுகின்றன என்பது ஜாலினூஸ் என்னும் கேலன் முதல் இப்னு ஸீனாவின் ‘கானூன்’ வரை வந்த வைத்திய போதனை. உணர்வுக்கு நரம்பு வேண்டும். நரம்புக்கு மூளை வேண்டும். அப்படியானால் மூளையில்லாப் பிராணி உணர்வது எப்படி? மனித உடலையும் பெரும் பிராணிகளையும் அறுத்துக் கற்ற வைத்திய நூல் இதற்கு விடை தரவில்லை.

இனி மீண்டும் பவளத்திடம் வருவோம். இத்தாலியரான மர்ஸீலி பிரபு 1683ஆம் ஆண்டுப் போரில் துருக்கியர் கையிற் சிறைப்பட்டவர். அடிமையாக இருந்த நாட்களில் காப்பிக் கடையில் வேலை செய்து, விடுதலையானபின் காப்பியைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இவர் 1706இல் பிரான்சின் தென்கரையில், புதிதாக எடுத்த பவளக் கொம்பைக் கடல்நீரில் இட்டு வைத்தபோது, அதன் மேலெங்கும் எட்டிதழ் வெண்பூக்கள் மலரக் கண்டார். பவளம் பூக்கிறது, ஆதலின் அது தாவரமே என்று முடிவு கட்டினார். ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து, மார்செய் நகரத்து வைத்தியர் பெய்ஸொனல் வட ஆபிரிக்கக் கடற்கரைக்குச் சென்றார். இப்னு கல்தூன் பிறந்த துனிஸ் நாட்டை ஒட்டிய கடல் அது. பவளம் எடுப்போருடன் இருந்து அவரும் கொம்பை நீரிலிட்டுப் பார்த்தார். பூக்கள் விரிந்தன. தொட்டார், சுருங்கின. மீண்டும் விரிந்தன. இவை பூக்களல்ல, கடற்சாமந்தி இனத்துச் சிறு பிராணிகள் என்று அவர் பாரிஸ் அறிவியற் கழகத்திற்கு எழுதினார். கழகத்தில் செல்வாக்கு மிக்க ரெயோமூர், இப்படியொரு விபரீதக் கருத்தைக் கூறியவருக்கு இழுக்கு நேரக் கூடாதென்று, பெய்ஸொனலின் பெயரை மறைத்தே அச்செய்தியைக் கழகத்தில் எடுத்துரைத்தார். நல்லெண்ணத்தால் இழைக்கப்பட்ட அநீதி என்று இதனைக் கூறலாம். 1742இல் ரெயோமூர் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் மனத்தை மாற்றியது பவளமன்று. ஹாலந்து நாட்டுக் குட்டையிலிருந்து வந்த ஒரு சிற்றுயிர்.

ஜெனிவாவைச் சேர்ந்த ஆபிரகாம் ட்ரெம்ப்ளே, ஹேக் நகரையடுத்த ஒரு மாளிகையில் பிரபு ஒருவரின் புதல்வர்களுக்கு ஆசிரியராக இருந்தார். 1740ஆம் ஆண்டுக் கோடையில், குட்டை நீரிலிருந்த பச்சை நிறச் சிற்றுயிர் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. இன்று நாம் ஹைட்ரா என்பது அதுவே. பச்சையாக இருந்ததால் தாவரம் என்று எண்ணினார். கைகளை அசைத்து நகர்ந்ததால் பிராணி என்று எண்ணினார். ஐயம் தீர ஒரு வழி கண்டார். வெட்டிப் பார்ப்பது; துண்டுகள் இரண்டும் பிழைத்தால் தாவரம், மடிந்தால் பிராணி. அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் வெட்டினார். இரு துண்டுகளும் முழு உயிர்களாக வளர்ந்து நின்றன, நகர்ந்தன, இரை பிடித்தன! அவரது சோதனை அவருடைய கேள்வியையே உடைத்து விட்டது. ரெயோமூருக்கு அவர் முதலில் அனுப்பிய உயிர்கள், புட்டியின் வாயை மெழுகால் நன்றாக அடைத்து விட்டதால் வழியிலேயே மூச்சு முட்டி மாண்டன என்பதும் அவ்வரலாற்றின் ஒரு துளி.

வெட்டுச் சோதனையே ட்ரெம்ப்ளேக்குப் புகழ் தந்தது. நம் பொருளுக்கு அதனினும் முக்கியமானது வேறொன்று. கண்ணாடிப் பாத்திரத்தை உறையிட்டு மூடி, ஒரு பக்கத்தில் மட்டும் ஒளி புகத் துளையிட்டு வைத்தபோது, கண்ணென்பதே இல்லாத அவ்வுயிர்கள் துளையுள்ள பக்கத்தில் வந்து கூடின. தொடுவுணர்வு மட்டுமன்று, ஒளியையும் அவை அறிந்தன. ஆனால் ட்ரெம்ப்ளேயின் உருப்பெருக்கி எவ்வளவு தேடியும் அவ்வுடலில் நரம்பைக் காட்டவில்லை.

நரம்பைக் காணும் வரலாறு சொறிமீனிடமிருந்து தொடங்குகிறது. நம் கடற்கரை மீனவர் சொறி என்று வெறுத்து, வலையில் ஏறினால் உதறித் தள்ளும் ஜெல்லி மீனே இது. உடலின் பெரும்பகுதி நீர். கரையில் ஒதுங்கிக் கிடந்தால் வெயிலில் உருகிப்போனது போல் ஆகிவிடும். ஆயினும் கடலில் அதன் குடை ஒரே தாளத்தில் சுருங்கி விரிகிறது. இத்தாளத்தை அடிப்பவர் யார்?

டார்வினின் இளைய நண்பரான ஜார்ஜ் ரோமானீஸ், 1870களின் நடுவில் ஸ்காட்லாந்தின் வடகரையில், குரோமார்ட்டி முகத்துவாரத்தை ஒட்டிய டன்ஸ்கெய்த் என்னுமிடத்தில் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். கருவிகள் எளியவை, கத்தரிக்கோலும் கண்ணாடித் தொட்டியும் ஒழியாத பொறுமையும். சிறு வகைச் சொறிமீன் ஒன்றின் குடை விளிம்பை மெல்லிய நாடாவாகச் சுற்றிலும் கத்தரித்து எடுத்தார். குடை அக்கணமே ஓய்ந்தது. பின் ஒருபோதும் தானாக அசையவில்லை. வெட்டி எறிந்த விளிம்போ, உடலில்லாத அந்த நாடா, தனியே துடித்துக்கொண்டிருந்தது! தாளம் அடிப்பவர் விளிம்பில் இருக்கிறார் என்பது இதனால் தெளிவாயிற்று. பெரிய வகையான ஔரேலியாவில் குடை விளிம்பில் எட்டுச் சிறு புலனுறுப்புகள் உண்டு. ஏழினை அகற்றினாலும் எஞ்சிய ஒன்று முழுக் குடையையும் ஓட்டியது; எட்டையும் அகற்றினால் குடை ஓய்ந்தது. தலையில்லாத உடலில் எட்டுத் தலைவர்கள். எட்டுப் பேரும் ஒரே வேலைக்கு.

அடுத்து அவர் கேட்டது, விளிம்பில் பிறந்த ஏவல் குடையெங்கும் எவ்வழியாகப் பரவுகிறது என்பது. மாம்பழத் தோலைச் சீவுவதுபோல் குடையைச் சுருள்வட்டமாக ஒரு நீண்ட பட்டையாக வெட்டினார். சுருங்கும் அலை பட்டையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடிற்று. இருபுறமிருந்தும் மாறி மாறிச் சீப்புப் பல்போல் வெட்டினார். அலை வளைந்து நெளிந்து அவ்வெட்டுகளுக்கிடையே வழி கண்டு சென்றது. சில வேளை குறுகிய இடத்தில் நின்று போய், சற்று நேரங்கழித்து மீண்டும் வழி திறந்தது. தனித்தனிக் கம்பிகளாக நரம்பு ஓடியிருந்தால் இத்தனை வெட்டுக்குப்பின் எதுவும் பிழைத்திராது. ரோமானீஸ் ஓர் உவமை சொன்னார்: மஸ்லின் துணியின் இழைகளைப்போல் நரம்பு எங்கும் பின்னிப் பரவியிருக்கிறது. மோஸுல் நகரத்தின் பெயரைத் தாங்கி உலகெங்கும் சென்ற மஸ்லினைக் கொண்டுதான், மூளையில்லா உயிரின் நரம்பு முதன்முதலில் தெளிவாக விளக்கப்பட்டது என்பது நமக்கு ஓர் இன்பம்.

இன்னொன்றும் அவர் கண்டார். சுருங்கும் அலையைத் தவிர, விளிம்பிலுள்ள இழைக்கைகளை ஒடுங்கச் செய்யும் வேறோர் அலையும் குடையில் ஓடிற்று. அதன் வேகம் முன்னதிற் பாதி. ஒரே துணியில் இருவேறு நெசவு என்பதை அவர் ஏறத்தாழத் தொட்டு விட்டார். 1956இல் ஹாரிட்ஜ் என்பார் ஔரேலியாவின் குஞ்சுகளில் இரு தனி நரம்பு வலைகளைக் காட்டும்வரை, அக்குறிப்பின் முழுப்பொருள் விளங்கவில்லை.

இச்சோதனைகளைப் படிக்கையில் நம் உள்ளத்தில் ஒரு நெருடல் எழாமலில்லை. உணர்வு உண்டா என்று அறிவதற்காகவே, உணரக்கூடிய ஒன்றை அறுப்பது முறையாகுமா? அக்காலத்து இங்கிலாந்திலும் இதனைப் பற்றிப் பெரும் வாதம் நடந்தது. 1876இல் இயற்றப்பட்ட பிராணி வதைச் சட்டம் முதுகெலும்புள்ள பிராணிகளை மட்டுமே காத்தது. சொறிமீன் சட்டத்தின் வெளியே நின்றது. வாயில்லாப் பிராணிகளிடம் கருணை காட்டுமாறு கட்டளையிடப்பட்டுள்ள நாம், அந்தக் கோட்டை எங்கே வரைவோம் என்பது எளிதில் தீரும் காரியமன்று.

ரோமானீஸ் வலையை ஊகித்தார். கண்ணால் கண்டவர் வேறிருவர். ஜெர்மனியில் ஹெர்ட்விக் சகோதரர்கள் 1878இல் சொறிமீனின் நரம்புகளையும் புலனுறுப்புகளையும் விரிவான நூலாக வெளியிட்டனர். அதே வேளையில் ரோமானீஸின் அழைப்பை ஏற்று வந்த எட்வர்ட் ஷேஃபர், தங்க உப்பால் சாயமேற்றி ஔரேலியாவின் குடையடியில் மெல்லிய நரம்பிழைகளைக் கண்டார். அதோடு வியப்பான செய்தி ஒன்றையும் எழுதினார்: இழைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, அருகருகே ஓடுகின்றன, நெருங்குகின்றன, ஆனால் இணைவதில்லை. நரம்பணுக்கள் தனித்தனியானவை என்னும் கொள்கையை ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் நிறுவத் தொடங்கியது இதற்குப் பத்தாண்டுகள் கழித்தே. மனித மூளையைப் பற்றிய பேருண்மை, மூளையே இல்லாத உயிரில் முன்னதாகத் தென்பட்டது.

இவ்வாராய்ச்சியால் மனிதனுக்கு என்ன பயன் என்று கேட்போர் எக்காலத்தும் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. ஃபுளோரிடாவுக்கு அப்பாலுள்ள டார்ட்டுகாஸ் தீவுகளில் ஆல்ஃபிரட் மேயர் என்பார், கஸ்ஸியோபியா என்னும் சொறிமீனின் குடையை வளையமாக வெட்டி, சுருங்கும் அலையை அதில் ஒரே திசையில் ஓடவிட்டார். முடிவில்லாத வளையத்தில் அலை நாட்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்தது. 1906இல் வெளியான இதனையறிந்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஜார்ஜ் மைன்ஸ், 1913இல் ஆமையின் இதயத் தசையிலும் இவ்வாறே அலை சுற்றி வருவதைக் காட்டினார். இதயத் துடிப்பு தாளந்தப்பிப் படபடக்கும் நோய்களுள் பலவற்றுக்கு இத்தகைய சுழல் அலையே காரணம் என்று வைத்தியர்கள் இன்று விளக்குகின்றனர். கரையில் காலில் படாமல் நாம் ஒதுங்கிச் செல்லும் அந்தக் கூழுக்கு, இதய வைத்தியம் கடன்பட்டிருக்கிறது.

கடற்சாமந்தியிடம் இவ்வலை இன்னும் நுட்பமான பாடத்தைக் கற்றுத் தந்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் கார்ல் பான்டின் 1935இல் வெளியிட்ட ஆய்வில், துறவி நண்டு குடியிருக்கும் சங்கின் மேல் ஒட்டி வாழும் சாமந்தி ஒன்றுக்கு மெல்லிய மின் அதிர்ச்சி கொடுத்தார். ஒன்று கொடுத்தால் அது அசைவதில்லை. சில நொடிக்குள் இரண்டாவது கொடுத்தால் சுருங்குகிறது. அடுத்தடுத்துக் கொடுக்கக் கொடுக்கச் சுருக்கம் வலுக்கிறது. முதல் ஏவல் வீணாகவில்லை. அடுத்தது வந்தால் செல்லும்படி வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கடலலை ஒருமுறை மோதியதற்கெல்லாம் சுருங்கினால் இரை பிடிப்பது எப்போது? விடாது தொடுவது எதிரி. ஒருமுறை தொட்டு விலகுவது அலை. தலையில்லாத உயிர், எண்ணிக்கையால் அவ்விரண்டையும் பிரித்தறிகிறது.

இனி டோரோனி ஊராரிடம் வருவோம். அமெரிக்கரான பார்க்கர் 1919இல் எழுதிய நூலில், கடற்பஞ்சுக்கு நரம்பே கிடையாது என்று நிறுவினார். ஆனால் சில கடற்பஞ்சுகள், தீண்டினால் தம் நீர்வாயை மெல்ல, மிக மெல்ல மூடுவதையும் அவர் கண்டார். ஏவல் இல்லை, தசை போன்ற உயிரணுக்கள் தாமாகவே சுருங்குகின்றன என்பது அவர் விளக்கம். கனடாவின் மேற்குக் கரைக் கடலில் வாழும் கண்ணாடிப் பஞ்சு ஒன்று இக்கதைக்கு இன்னொரு திருப்பம் கொடுத்தது. அதன் உடலிற் பெரும்பகுதி, சுவரில்லாமல் ஒன்றிக் கலந்த ஒரே திசு. சேறு கலங்கினால் அது நீர் இறைப்பதைச் சட்டென்று நிறுத்துகிறது. 1997இல் ஸாலி லேஸ், ஜார்ஜ் மாக்கீ இருவரும் அவ்வுடலில் ஓடும் மின் துடிப்பைப் பதிவு செய்தனர். நொடிக்குச் சுமார் கால் சென்டிமீட்டர் வேகம். நரம்பிழை ஒன்றுகூட இல்லை. ஆக, சுருங்குகிறது என்றவரும் பொய் சொல்லவில்லை; நம்பாத டோரோனி ஊராரும் ஏமாளிகள் அல்லர். உணர்வென்று நாம் அழைப்பதன் ஒரு பகுதி, நரம்புக்கும் முந்தியது.

அங்ஙனமாயின் நரம்பு எதற்கு? இதற்கு நாமறிந்தவற்றுள் ஆகத் தெளிவான விடையை, ட்ரெம்ப்ளேயின் அதே ஹைட்ராவே கொடுத்தது. யூனானி ஹகீம்கள் மூட்டுவலிக்கு வழங்கும் சூரிஞ்சான் கிழங்கை அறிவோம். அதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சை அளவறிந்து கொடுத்து, 1970களில் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் காம்ப்பெல் என்பாரும் உடன் உழைத்தோரும் ஹைட்ராவின் நரம்பணுக்களையெல்லாம் மறையச் செய்தனர். நரம்பிழந்த ஹைட்ரா சாகவில்லை. வளர்ந்தது. மொட்டு விட்டுக் குஞ்சும் ஈன்றது. வெட்டினால் மீண்டும் முழுமையுற்றது. ஒன்றுதான் அதனால் இயலவில்லை: இரையை அறிந்து பிடித்து உண்ண. வாயைத் திறந்து கையால் ஊட்டினால் வாழ்ந்தது. ஊட்டாவிடின் உணவு நடுவே பட்டினி கிடந்து மாண்டது. உயிரோடிருக்க நரம்பு வேண்டாம். உடலின் பல பகுதிகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்வதற்கே அது வேண்டும். பஸராவின் புழு வலமும் இடமும் துழாவி இரை தேடிய அந்தச் செயலுக்குத்தான் நரம்பு. தேவையில்லாத உறுப்பு கொடுக்கப்படுவதில்லை என்று இஹ்வானுஸ் ஸஃபா எழுதியதை நாம் இங்கே திரும்பவும் எடுத்துப் படித்தோம்.

2017இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டூப்ரே, யூஸ்டே இருவரும், நரம்பணுக்கள் இயங்குகையில் ஒளிரும்படி செய்யப்பட்ட ஹைட்ராவின் நரம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் கண்டனர். வலை ஒன்றன்று, ஒன்றோடொன்று கலவாத பல வலைகள். ஒன்று உடலைச் சுருக்குகிறது. இன்னொன்று ஒளி பட்டால் உடல் நீள்வதோடு தொடர்புற்று இயங்குகிறது. துளை வழியே வந்த ஒளியை நாடி ட்ரெம்ப்ளேயின் பாத்திரத்தில் கூடிய உயிர்களுக்கு இவ்விரண்டாவது வலையே உதவியிருக்கும் போலும். அதே ஆண்டில், மேயரின் கஸ்ஸியோபியா இரவில் உறங்குகிறது என்றும் கண்டறிந்தனர். இரவெல்லாம் அலைத்து உறங்கவிடாமல் செய்தால் மறுநாள் அது சோர்ந்து கிடக்கிறது. உறக்கம் மூளையின் ஓய்வு என்று சொல்லி வந்தோமே, மூளையில்லாதது எதற்காக உறங்குகிறது? 2023இல் கரீபியக் கடலோரத்து அலையாத்திக் காடுகளில் வாழும் விரல் நகமளவுச் சொறிமீன் ஒன்று, வேர்களில் மோதி மோதி, மோதாமல் விலகக் கற்றுக்கொள்வதையும் காட்டினர். அதற்கு 24 கண்கள் உண்டு. நான்கு நரம்பு முடிச்சுகள் உண்டு. முடிச்சொன்றுக்குச் சுமார் ஆயிரம் நரம்பணுக்கள்.

நரம்பு எப்போது, எவ்வுயிரில் முதலில் தோன்றிற்று என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. உடலோரம் எட்டு வரிசைச் சீப்புகளை அசைத்து நீந்தும் சீப்பு ஜெல்லிகள் என்றோர் இனம் உண்டு. சொறிமீனைப் போலத் தோன்றினாலும் அதன் உறவு அன்று. 2013, 2014ஆம் ஆண்டுகளில் இவற்றின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டபோது, பிற பிராணிகளின் நரம்புகள் பயன்படுத்தும் வேதிப்பொருள்கள் பல இவற்றிடம் இல்லை என்று தெரியவந்தது. பிராணி உலகில் முதலில் கிளைத்துப் பிரிந்தவை இவையே என்றும், நரம்பு இருமுறை தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும் என்றும் சிலர் கூற, பிறர் மறுத்து வருகின்றனர்.

1906இல் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் கஹால், மற்றவர் இத்தாலியரான கால்ஜி. நரம்பணுக்கள் தனித்தனியானவை என்பது கஹால் கொள்கை. அவை ஒன்றோடொன்று உருகி இணைந்த ஒரே வலை என்று, பரிசு பெற்ற மேடையிலேயே கால்ஜி வாதிட்டார். உலகம் கஹாலை ஏற்றது. கால்ஜியின் வலை பிழையென்று ஒதுக்கப்பட்டது. 2023இல் நார்வே நாட்டுப் பெர்கனில் பர்க்கார்ட் குழுவினர், சீப்பு ஜெல்லிக் குஞ்சு ஒன்றின் நரம்பு வலையை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அடுக்கடுக்காகப் படமெடுத்துப் பார்த்தனர். தோலுக்கடியில் ஐந்து நரம்பணுக்கள் இருந்தன. அவற்றின் இழைகளுக்கிடையே இடைவெளி இல்லை; ஐந்தும் ஒரே சவ்வால் இணைந்து ஒரே வலையாக இருந்தன.